அஞ்செட்டிப் படத்தில் இருப்பது தென்னாப்பிரிக்கத் தரை மரங்கொத்தி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், அஞ்செட்டி மலைப்பாறையில் அரிய மரங்கொத்தி காணப்பட்டதாக வெளியான வண்ணப்படத்தையும், அதையொட்டி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தையும் படித்தேன். படத்தில் உள்ளது நம் நாட்டுப் பறவையாக இருக்க முடியாது என்று அந்த வாசகர் ஐயுற்றது சரியே. ஆனால் அதை ஆப்பிரிக்காவின் ஆலிவ் மரங்கொத்தி என்று அவர் முடிவு செய்ததையும், பருவக்காற்றில் சிக்கி இங்கு வந்து சேர்ந்திருக்கலாம் என்று எழுதியதையும் ஏற்பதற்கில்லை. அது தரை மரங்கொத்தி. ஜியோகொலாப்டெஸ் ஒலிவேசியஸ் என்பது அதன் அறிவியல் பெயர். தென்னாப்பிரிக்கா, லெசோத்தோ, எஸ்வாட்டினி ஆகிய மூன்று நாடுகளுக்கு வெளியே அது உலகில் எங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. அந்தப் படம் அஞ்செட்டியில் எடுக்கப்பட்டிருக்க வழியே இல்லை.

கிருஷ்ணகிரி, பர்கூர், தருமபுரிப் பக்கத்துக் கல் தொழிலில் இருப்பவர்கள் வேலைக்காக ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சென்று வருவது புதிய செய்தியன்று. நானும் தென்னாப்பிரிக்காவின் ம்புமலங்கா மாகாணத்து மேட்டுநிலத்தில், கறுப்பு கிரானைட் வெட்டும் குவாரி ஒன்றில் சில ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தேன். குவாரிக்குப் போகும் மண் சாலையின் ஓரத்தில் இந்தப் பறவைகளை நாள்தோறும் பார்த்துப் பழகியவன் என்பதாலும், பறவைகளைக் கவனிப்பதில் சிறு வயது முதல் எனக்கு இருக்கும் ஈடுபாட்டாலும், இதைத் தெளிவுபடுத்துவது என் கடமை என்று கருதி எழுதுகிறேன்.

முதலில் அடையாளத்தைப் பார்ப்போம். தங்கள் படத்தில் பறவையின் தலை முழுவதும் சாம்பல் நிறம். தொண்டை வெளுத்திருக்கிறது. மார்பின் கீழிருந்து வயிறு வரை இளஞ்சிவப்பு படர்ந்திருக்கிறது. முதுகு பழுப்பு கலந்த ஆலிவ் நிறம். அதன் மேலும் சிறகுகளின் மேலும் வெளிர்ப் புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன. கண் வெளிர்மஞ்சளாக, தொலைவிலிருந்தே தெரியும்படி இருக்கிறது. அலகு நீண்டு, கறுத்து, மிகச் சிறிதே வளைந்திருக்கிறது. இவை அனைத்தும் ஒரே பறவையில் ஒன்றுசேர்வது தரை மரங்கொத்தியில் மட்டுமே. பறக்கும்போது இடுப்பின் மேற்புறம் பளிச்சென்ற சிவப்பாகத் தெரியும். படத்தில் பறவை ஒருக்களித்து நிற்பதால் அதன் ஓரம் மட்டும் புலப்படுகிறது.

ஆலிவ் மரங்கொத்திக்கும் சாம்பல் தலை உண்டு, சிவந்த இடுப்பு உண்டு, அதுவும் தென்னாப்பிரிக்காவில் வாழ்கிறது; ஆகையால் வாசகர் அதை எண்ணியதற்குக் காரணம் இருக்கிறது. எனினும் ஆலிவ் மரங்கொத்தியின் முதுகில் புள்ளி கிடையாது. அது ஒரே சீரான பச்சை கலந்த பொன்னிறம். மார்பும் ஏறக்குறைய அதே நிறம்தான். அதன் ஆணுக்கு உச்சந்தலையில் சிவப்பு இருக்கும். தரை மரங்கொத்தியில் ஆண், பெண் இரண்டுக்குமே உச்சந்தலையில் சிவப்பு கிடையாது. ஆணின் தாடைக் கோட்டில் சற்றே சிவப்புச் சாயல் தென்படுவதோடு சரி. ஆலிவ் மரங்கொத்தியின் கண் கருமையானது, உடலும் சிறியது, சுமார் 20 சென்டிமீட்டர். தரை மரங்கொத்தியோ 25 சென்டிமீட்டருக்கு மேல் நீளமும், நூறு கிராமைத் தாண்டிய எடையும் கொண்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆலிவ் மரங்கொத்தி பசுமைமாறாக் காட்டில், பாசி படர்ந்த கிளைகளில் இரை தேடும் பறவை. மரமே இல்லாத பாறையின் மேல் அது வெயிலில் நிமிர்ந்து நிற்காது.

ஆப்பிரிக்கச் சாம்பல் மரங்கொத்தி என்று இன்னொன்றும் உண்டு. சாம்பல் தலை, சிவந்த இடுப்பு, வயிற்றில் சிறு சிவப்புத் திட்டு என்று அதன் வருணனையை நூலில் மட்டும் படிப்பவர்கள் அதையும் இதனோடு குழப்பிக்கொள்ளலாம். அது செனகல் முதல் எத்தியோப்பியா வரையுள்ள நிலப்பரப்புக்கு உரியது. அதன் ஆணுக்கும் உச்சியில் சிவப்பு உண்டு. தரையில் இரை தேடுகிறது என்பதை மட்டும் வைத்து ஒரு மரங்கொத்திக்குப் பெயர் சூட்டுவதும் தவறாகும். தென்பகுதி ஆப்பிரிக்காவின் பென்னட் மரங்கொத்தியும் பெரும்பாலும் தரையில் இறங்கித்தான் எறும்பு தின்கிறது. ஆனால் அதன் மார்பில் கரும்புள்ளிகள் இருக்கும், ஆணின் தலையுச்சி முழுவதும் சிவந்திருக்கும், கூட்டை மரப்பொந்தில்தான் அமைக்கும். ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய முப்பது வகை மரங்கொத்திகள் இருக்க, தலையின் சிவப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, மார்பில் இருப்பது புள்ளியா கோடா, முதுகு வெறுமையாக இருக்கிறதா என்று இந்த வரிசையில் பார்த்துக்கொண்டு போனால் பெரும்பாலான குழப்பங்கள் தீர்ந்துவிடும்.

பறவையை விட்டுவிட்டு அது நிற்கும் பாறையைப் பார்த்தாலும் போதும் என்பதைக் கல் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். படத்தில் இருப்பது கிடைமட்டமாக அடுக்கடுக்காகப் படிந்த மணற்கல். டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவாரத்திலும் லெசோத்தோ எல்லையிலும் இந்த வெளிர்மஞ்சள் மணற்கல் சுவர்போல் எழுந்து நிற்பதைக் காணலாம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, இராயக்கோட்டை வட்டாரங்களில் அப்படிப்பட்ட மணற்கல் இல்லை. நம்முடையது கிரானைட்டும், வரிகள் நெளிந்தோடும் நைஸ் பாறையும். பாரடைசோ என்ற பெயரில் கப்பலேறும் கல்லை அறுத்து மெருகேற்றிப் பார்த்தவர்களுக்கு அந்த நெளிவு நன்றாகத் தெரியும். மேலும் படத்தின் பின்னணியில் ஒரு முட்புதர்கூட இல்லாமல், குத்துக்குத்தாக வளர்ந்து காய்ந்த பொன்னிறப் புல்வெளி மட்டுமே கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெரிகிறது. அஞ்செட்டிச் சரிவில் எந்தப் பாறையின் பக்கத்தில் நின்று எடுத்தாலும் ஓர் ஊஞ்ச மரமோ, கள்ளியோ, உண்ணிச் செடியோ சட்டத்துக்குள் வராமல் இராது.

இப்பறவையின் வாழ்க்கைமுறையைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். மரங்கொத்தி என்றாலே மரத்தோடு ஒட்டி, வாலை முட்டுக்கொடுத்து, பட்டையைத் தட்டிக்கொண்டு ஏறும் பறவையைத்தான் நாம் மனத்தில் கொள்கிறோம். அக்குலத்தில் மரத்தை ஏறக்குறைய முழுவதுமாக விட்டுவிட்டுத் தரைக்கு வந்தவை உலகில் மூன்றே என்று சொல்வர். தென் அமெரிக்காவில் இரண்டு, ஆப்பிரிக்காவில் இது ஒன்று. கல் நிறைந்த சரிவு, குட்டைப் புல், திறந்த வெளி ஆகியவைதான் இதற்கு வேண்டும். கடல்மட்டத்துக்கு அருகிலிருந்து 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரம் வரை இவ்வகை நிலம் உள்ள இடங்களில் அது வாழ்கிறது. ஜோடியாகவோ, வளர்ந்த குஞ்சுகளையும் சேர்த்துக்கொண்டு சிறு குடும்பமாகவோ திரியும்.

எறும்புதான் அதன் உணவு. வேறு எதையும் தின்பது மிகவும் குறைவு. காலையில் வெயில் ஏறத் தொடங்கியதும் குடும்பம் முழுவதும் சரிவில் பரவி, தத்தித் தத்தி நகர்ந்து, கல்லுக்கடியிலும் புற்குத்தின் வேரடியிலும் அலகால் மண்ணைக் குத்திப் புரட்டும். எங்கள் குவாரிச் சாலையோரத்தில், சுமார் பத்தடி தூரத்தில், ஒன்று இரை எடுப்பதை வண்டியில் இருந்தபடியே பார்த்திருக்கிறேன். அலகை அடிவரை மண்ணுக்குள் செலுத்திவிட்டுச் சற்று நேரம் அசையாமல் இருக்கும். அப்போது தொண்டை மட்டும் மெல்லத் துடிப்பது தெரியும். உள்ளே எறும்பு வளைகளுக்குள் நாக்கு போய் வருகிறது என்பதற்கு அதுவே அடையாளம். பிறகு தலையை எடுக்கும்போது அலகின் பாதிக்கு மேல் செம்மண் அப்பியிருக்கும். எறும்புகள் முகத்தில் ஏறி ஊர்ந்தாலும் அது பொருட்படுத்துவதில்லை. மரங்கொத்திகளின் நாக்கைத் தாங்கும் மெல்லெலும்புகள் மண்டையோட்டின் பின்புறமாகச் சுற்றி வருவதால்தான் நாக்கை அவ்வளவு தூரம் நீட்ட முடிகிறது. நாக்கில் ஊறும் பிசுபிசுப்பான உமிழ்நீரில் எறும்பும் முட்டையும் கூட்டுப்புழுவும் ஒட்டிக்கொண்டு வருகின்றன.

மற்றவை மேய்ந்துகொண்டிருக்கையில் ஒரு பறவை உயரமான கல்லின் உச்சியில் காவல் நிற்கும். தங்கள் படத்தில் இருப்பதும் அத்தகைய காவல் பறவையே என்று அதன் நிமிர்ந்த நிலையைப் பார்த்துச் சொல்வேன். ஆள் நெருங்கினால் கரகரப்பான உரத்த குரலில் அது அலறும். உடனே கீழே இருப்பவை கல்லுக்குப் பின் மறையும், அல்லது சிவந்த இடுப்பைக் காட்டிக்கொண்டு தாழப் பறந்து அடுத்த சரிவில் இறங்கும். காய்ந்த மரத்தில் அலகால் முரசடித்து எல்லையை அறிவிக்கும் வழக்கம் இதற்கு இல்லை. மரமே இல்லாத நிலத்தில் வாழும் இதற்குக் குரலே முரசு.

கூடு கட்டும் முறையும் அவ்வாறே மரத்தைச் சாராதது. ஓடைக்கரை, மழைநீர் அரித்த பள்ளம், சாலைக்காக வெட்டிய மேட்டின் சுவர் போன்ற செங்குத்தான மண்ணில் ஆணும் பெண்ணும் சேர்ந்து வளை தோண்டும். வளை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் வரை போகும். அதன் முடிவில் உள்ள சிறு அறையில், மெத்தை எதுவும் இல்லாத வெறும் மண்மேல், பளபளப்பான வெள்ளை முட்டைகளை இடும். பெரும்பாலும் மூன்று முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். அங்கு குளிர் குறைந்து வசந்தம் தொடங்கும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்கள் இதற்கு முக்கியமான காலம். எங்கள் சாலை வெட்டின் சுவரில் ஒரு ஜோடி வளை தோண்டியபோது, உள்ளிருந்து மண் பொசுக்கு பொசுக்கென்று வெளியே தெறித்து விழுந்து, கீழே ஒரு சிறு குவியலாகச் சேர்ந்திருந்ததைப் பார்த்த ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள், அந்தப் பக்கம் டிப்பரை ஒட்டி ஓட்ட வேண்டாம் என்று ஓட்டுநர்களிடம் தாங்களாகவே சொல்லி வைத்தார்கள்.

அடுத்து, அது பறந்து வந்திருக்கக்கூடுமா என்ற வினா. நாகாலாந்தில் தங்கிச் செல்லும் அமுர் வல்லூறுகள் அரபிக்கடலைத் தாண்டித் தெற்கு ஆப்பிரிக்காவுக்குப் போவது உண்மைதான். அதைப் படித்த எவருக்கும், எதிர்த்திசையில் ஒரு மரங்கொத்தி ஏன் வரக்கூடாது என்று தோன்றலாம். வல்லூறின் சிறகு நீண்டு கூரியது; நெடும்பயணத்துக்கென்றே அமைந்தது. மரங்கொத்திகளின் சிறகோ அகன்று உருண்டது. சிறிது தூரம் அடித்து, மடக்கி, மறுபடி அடித்து, அலைபோல் ஏறி இறங்கிப் பறக்கும் பறவைகள் அவை. தரை மரங்கொத்தி ஆண்டு முழுவதும் தன் சரிவை விட்டு அதிகம் அகலுவதில்லை. இதற்கு வலுவான சான்று மடகாஸ்கர் தீவு. ஆப்பிரிக்கக் கரைக்கும் அத்தீவுக்கும் இடையே மிகக் குறுகிய இடத்தில் கடல் 400 கிலோமீட்டர் சொச்சம்தான். இருந்தும் மடகாஸ்கரில் இன்றுவரை மரங்கொத்தி இனம் ஒன்றுகூட இல்லை. அந்தக் கடலையே கடந்து நிலைபெறாத குலத்தில், அதிலும் தரையில் தத்தித் திரியும் ஒன்று, ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் கடந்து அஞ்செட்டியில் வந்து இறங்கியது என்பதை நம்புவதற்கு இடமில்லை. தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நம் ஊர்க்காரர் எவரோ வீட்டுக்கு அனுப்பிய படம், கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்குப் போகும் வழியில் ஊர்ப்பெயர் மாறித் தங்கள் அலுவலகத்தை அடைந்திருக்கும் என்பதே என் ஊகம்.

அப்படியானால் தரையில் மரங்கொத்தியைப் பார்த்தோம் என்று அஞ்செட்டிப் பக்கத்து மக்கள் சொல்வதெல்லாம் பொய்யா என்றால், நிச்சயமாக இல்லை. நம் தோப்புகளில் சாதாரணமாகக் காணப்படும் பொன்முதுகு மரங்கொத்தியே எறும்புக்கும் கறையானுக்கும் தரையில் இறங்கும். அதன் முதுகு பொன்மஞ்சள், இடுப்பு கறுப்பு, கொண்டை சிவப்பு. ஆகவே சாம்பல் தலையோடு குழப்பிக்கொள்ள வழியில்லை. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் மரங்கொத்திக் குலத்தைச் சேர்ந்த சிறு பறவை ஒன்றும் உண்டு. மரப்பட்டை நிறத்தில், முதுகின் நடுவே கரிய கோட்டோடு, கையில் பிடித்தால் கழுத்தைப் பாம்புபோல் முறுக்கும் இயல்புடைய அது, புதர்க்காட்டின் ஓரங்களில் தரையிலேயே எறும்பு தேடும். கூர்ந்து பார்க்கிற மாணவர்களுக்கு இது கண்ணில் பட்டால் பெரும்பேறு. ஆனால் பத்துப் பேரில் ஒன்பது பேர் தரையில் பார்த்த மரங்கொத்தி என்று சொல்வது கொண்டலாத்தியைத்தான். விசிறிக் கொண்டையும், வரிச்சிறகும், நீண்டு வளைந்த அலகும் கொண்ட கொண்டலாத்தி மரங்கொத்திக் குலத்தைச் சேர்ந்ததே அன்று. எறும்போடு நெருங்கிய உறவுடைய மரங்கொத்தியைப் பார்க்க விரும்புவோர் தென்னிந்தியக் காடுகளில் வாழும் செம்பழுப்பு மரங்கொத்தியைத் தேடலாம். மரக்கிளையில் கறுப்பு எறும்புகள் பந்துபோல் கட்டிய கூட்டைக் குடைந்து, எறும்புகள் குடியிருக்கும்போதே அதனுள் முட்டையிடும் அதன் வழக்கம், ஆப்பிரிக்கப் பறவையின் வழக்கத்துக்குச் சிறிதும் குறையாத வியப்பு.

ஒரு படத்தின் கீழ் ஊர்ப்பெயர் மாறியதற்கு இவ்வளவு நீண்ட கடிதம் வேண்டுமா என்று தாங்கள் எண்ணக்கூடும். வேண்டும் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. படம் வெளியான பிறகு, இந்தப் பறவை மண்சுவரில் வளை தோண்டிக் கூடு கட்டும் என்பதை எங்கோ படித்துத் தெரிந்துகொண்ட இளைஞர்கள் சிலர், தொட்டல்லா ஆற்றங்கரையிலும் ஓடைக்கரைகளிலும் உள்ள வளைகளைக் குச்சிவிட்டுக் குடைவதாக அப்பகுதியிலிருந்து வந்த நண்பர் ஒருவர் வருத்தத்தோடு கூறினார். அந்த வளைகள் பஞ்சுருட்டானுக்கும் வெண்மார்பு மீன்கொத்திக்கும் சொந்தமானவை. குச்சி போன வளையில் முட்டை தப்பாது. தப்பினாலும் தாய்ப்பறவை திரும்புவது உறுதியில்லை. மேலும், அஞ்செட்டியைச் சுற்றியுள்ள காடுகளின் பெரும்பகுதி 2014இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு, 2022இல் அறிவிக்கப்பட்ட காவேரி தெற்கு வன உயிரினச் சரணாலயங்களுக்குள் வருகிறது. அங்கு அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம். யானை நடமாடும் தடத்தில், அங்கு இல்லவே இல்லாத ஒரு பறவையைத் தேடி அலைவது உயிருக்கும் ஆபத்து.

மற்றொரு காரணம், நம் பாறைக்குன்றுகளுக்கே உரிய பறவையின் மேல் விழ வேண்டிய கவனம் இதனால் திசைமாறுகிறது என்பதாகும். மஞ்சள் தொண்டைச் சின்னான் என்ற பறவை தென்னிந்தியத் தீபகற்பத்தின் கல்லும் புதரும் கலந்த குன்றுகளில் மட்டுமே வாழ்கிறது. உலக அளவில் அழியும் வாய்ப்புள்ளதாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. அஞ்செட்டிப் பக்கத்து மேலகிரி மலைத்தொடர் அதன் வாழிடங்களுள் ஒன்று. அதன் குன்றுகளைக் குறைத்துக்கொண்டு வருவதில் கல் வெட்டும் தொழிலுக்குப் பங்கு உண்டு என்பதை அத்தொழிலில் இருந்துகொண்டே நான் மறுக்க மாட்டேன். தென்னாப்பிரிக்கப் பறவைக்கு அரைப்பக்கம் ஒதுக்கிய தங்கள் நாளிதழ், இந்தச் சின்னானுக்கும் ஒரு பத்தி ஒதுக்கினால் இம்மாவட்டங்களின் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊர்க் குன்றையே புதிதாகப் பார்ப்பார்கள்.

ஆகவே, படத்தில் உள்ளது தென்னாப்பிரிக்கத் தரை மரங்கொத்தி என்றும், அது அஞ்செட்டியில் எடுக்கப்பட்டதன்று என்றும், முன்பு படம் வந்த அதே மாவட்டப் பக்கத்தில், கண்ணில் படும் அளவில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஓடைக்கரை வளைகளை எவரும் குடைய வேண்டாம் என்ற வேண்டுகோளையும் அத்துடன் சேர்த்தால் நல்லது. இனிப் பறவைப் படங்களை வாசகர்களிடமிருந்து பெறும்போது, படம் எடுத்தவர் யார், எந்த நாள், எந்த ஊர், எந்த நிலம் என்பதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பலர் கைமாறி வந்த பிரதியை விட்டு, கேமராவிலோ கைப்பேசியிலோ உள்ள மூலப்படத்தையே அனுப்பச் சொல்லுங்கள். அதில் பெரும்பாலும் நாளும் நேரமும் பதிவாகியிருக்கும். சில வேளைகளில் இடமும் இருக்கும்.

இப்படிக்கு,
பர்கூர் வாசகர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.